நாற்பத்திரண்டு விநாடி

டொம்லூர் மேம்பாலத்துக்குப் பின்னால், ஆறாவது மாடி.
என் வேலை கேட்பது.
பேசுகிறவர்கள் கீழ்த்தளம்.
அவர்கள் பேசி முடித்த அழைப்புகளில்
இருபதுக்கு ஒன்றைப் பொறுக்கி
மதிப்பெண் போடுகிறவள் நான்.
வணக்கம் சொன்னானா, இரண்டு.
மன்னிப்புக் கேட்டானா, ஐந்து.

கொதிகலன் அணைந்துபோன வீடுகளிலிருந்து
பிரிட்டன் முழுக்க எங்களைக் கூப்பிடும்.
காத்திருக்கச் சொன்னதும் ஒரு பாட்டு.
அந்த ஊர்ப் பையன்கள் நாலு பேர்.
ஒரு கோடை முழுக்க அங்கே அதுதான் ஓடியதென்று
பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்,
வடக்கத்தி உச்சரிப்புக்கு உதாரணமாக.
முதலில் கிட்டார், ஈரத்துணியை உதறுவதுபோல.
அப்புறம் டிரம்ஸ்.
அப்புறம் அந்தக் குரல்,
மூக்கடைத்த ஒருத்தன் மாடிப்படியில் ஓடிக்கொண்டே
சாவி எங்கே என்று கேட்பதுபோல.
நாற்பத்திரண்டாவது விநாடியில்
அவன் மூச்சை இழுப்பான்.
அதோடு வெட்டு.
மறுபடி கிட்டார்.

மூன்று வருஷமாக
அந்த மூச்சு என்ன சொல்ல வந்தது என்று எனக்குத் தெரியாது.
கைப்பேசியில் தேடினால் ஒரு நிமிஷ வேலை.
தினம் சாப்பிடும் மெஸ்காரர் பெயரை
நாம் கேட்கிறோமா என்ன.

காத்திருக்கும்போதும் பதிவு ஓடுகிறதென்பதை
அவர்கள் மறந்துவிடுவார்கள்.
கெட்டில் கொதிக்கும்.
ஒருத்தி தன் நாயிடம் எங்களைத் திட்டினாள்.
ஒருவர் குறுக்கெழுத்துக்கு ஒரு ஏழெழுத்துச் சொல்லைத் தேடினார்.
எனக்குத் தெரிந்திருந்தது.

டிசம்பர் பன்னிரண்டு, ஹல் நகரம்,
திரு. ஆஸ்கித், வயது ஐம்பத்திரண்டு.
எடுத்தவன் ஆஸ்டின் டவுன் ஆரோக்கியசாமி,
தொலைபேசியில் ஆரன்.
பத்தொன்பது நிமிஷம் நிறுத்தி வைத்துவிட்டான்.
இருபத்தேழு சுற்று.
பதினைந்தாவதில் அவர் முனக ஆரம்பித்தார்.
இருபதில் சொற்கள் வந்தன.
கடைசிச் சுற்றில், பாட்டு மூச்சிழுத்து வெட்டுப்பட்டு
தொடக்கத்துக்கு ஓடியபோது
அவர் கூட ஓடவில்லை.
மேலே பாடினார்.

குளிர்ந்த சமையலறையாக இருக்கும், எதிரொலித்தது.
கீழே கிட்டார் புதிதாகத் தொடங்க
இறங்குகிற எஸ்கலேட்டரில் ஏறுகிறவர்போல
அதன்மேல் ஏறிப் போனார்.
பாட்டில் ஒரு பேருந்து நிறுத்தம் வந்தது.
கடைசிப் பேருந்து போயிருந்தது.
மோரீன் என்று ஒருத்தி
ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்,
சிரிக்கிறாளா அழுகிறாளா
இந்த மழையில் தெரியவில்லை
என்று பாடினார்.
இருமினார்.
அத்தோடு தொடர்பு போயிற்று.

வாடிக்கையாளர் துண்டித்தார் என்று குறித்தேன்.
ஆரனுக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று.
பாடியதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மார்ச்சில் ஆரோக்கியசாமி வேலையை விட்டான்.
சர்ச் தெருப் பப் ஒன்றில் விருந்து.
மேடையில் குடகுப் பையன் ஒருவன்
மூக்கை அடைத்துக்கொண்டு அதையே ஆரம்பித்தான்.
எங்கள் மேசை மொத்தமும் ஓவென்று கூவியது.
தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும் என்று யாரோ கத்தினார்கள்.
நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.
மூச்சை இழுத்தான்.
வெட்டு வரவில்லை.
பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது:
ஒரு கார், ஒரு கடற்கரை,
ஞாயிற்றுக்கிழமைமேல் ஏதோ புகார்,
எல்லாரும் சேர்ந்து கத்த வசதியாக ஒரு ஓ ஓ ஓ.
பேருந்து நிறுத்தம் வரவில்லை.
செருப்பு வரவில்லை.
கடைசி டிரம்ஸ் அடி வரை பார்த்தேன்,
மோரீன் வரவே இல்லை.

நல்ல பாட்டுதான்.
கைதட்டினேன்.

தொண்ணூறு நாளில் பதிவுகள் தாமாக அழிந்துவிடும்.
அழிந்து நாலு நாள் ஆகியிருந்தது.
அந்த எண்ணிலிருந்து அப்புறம் அழைப்பே இல்லை.
கொதிகலன் சரியாயிற்றா,
இல்லை ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
மார்ச் வரை வந்துவிட்டாரா.

ட்ரினிட்டி சர்க்கிள் தாண்டி, அல்சூர் திருப்பத்தில்
ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்,
என்ன பாட்டு மேடம் அது?
பெயர் தெரியாது என்றேன்.
அதற்குள்
செருப்பு வரை வந்திருந்தேன்.